அடிக்குறிப்பு முப்பத்தொன்று

பதினொரு வருடம் கார்களின் காயம் எழுதினேன்.
கால்கரியில் ஜூலை என்றால் ஆலங்கட்டி.
மாலை நாலரைக்கு வானம் பச்சையாகும்,
ஐந்துக்கு என் தொலைபேசி அலறும்.
விடிந்ததும் வரிசையாய் நிற்கும் வண்டிகள்
அம்மை போட்ட முகத்தோடு.

நேராய்ப் பார்த்தால் பள்ளம் தெரியாது.
விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்,
தகரத்தின் மேல் வெளிச்சம் வழுக்கி ஓட வேண்டும்.
அப்போதுதான் ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து வரும்.
எண்ணுவேன். சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவேன்.
காரணம் என்ற கட்டத்தில்
‘கடவுளின் செயல்’ என்று தட்டுவேன்.
நிறுவனம் அவரிடம் பணம் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டில் கலை வரலாறு, முதுகலை.
கேதாரன் கட்டண ரசீதை இரண்டு முறை படித்துவிட்டு
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான்.
கோபமா பெருமையா, இன்றுவரை கேட்கவில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் இருபத்துமூன்று வயது.
‘பார்வையின் அதிகாரம்’ என்பார்கள்,
‘சட்டகத்துக்கு வெளியே’ என்பார்கள்,
நான் சட்டகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்:
கீழ் வலது மூலை, விரிசல், இரண்டு சென்டிமீட்டர், பழையது.
முதல் கட்டுரை திரும்பி வந்தது.
‘இது விவரணை. வாதம் எங்கே?’
பேராசிரியர் ஹலீனா வோய்ட்யூக், பச்சை மையில்.
அன்று ரயிலில் என் நிறுத்தத்தைத் தாண்டி
கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன்.

பிப்ரவரியில் கிடங்குக்குள் விட்டார்கள்.
நிலவறை. பதினெட்டு டிகிரி. பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
கம்பிவலையில் தொங்கியது
என் முழங்கை நீளம்கூட இல்லாத பலகை ஓவியம்:
கோதுமை வயல், தூரத்தில் தானியக் கோபுரம்.
வரைந்தவர் தெரியாது. ஆண்டு, 1920 வாக்கில்.
‘அமைதியான பிற்பகல்’ என்பது
பிற்பாடு யாரோ வைத்த பெயர்.
நிலை: சுமார். வண்ணத்தில் பதினான்கு சிறு பள்ளங்கள்,
கையாண்டதில் ஏற்பட்டவை.

கையாண்டதிலா?
பையின் அடியில் என் பழைய டார்ச் கிடந்தது.
சாய்த்தேன்.

இவற்றை எனக்குத் தெரியும்.
எல்லாம் ஒரே சாய்வு, மேல் இடது மூலையிலிருந்து.
பட்டாணி அளவு, நடுவில் இரண்டு மட்டும் சுண்டைக்காய்.
காய்ந்த வண்ணத்தில் விழுந்திருந்தால் சில்லாய்ப் பெயர்ந்திருக்கும்.
பெயரவில்லை. சேற்றில் கால் வைத்தது போல
விளிம்பு மேலெழும்பி அப்படியே இறுகியிருக்கிறது.
இதோ, ஒன்பதாவது:
அதன் பாதியை மூடிக்கொண்டு ஒரு மஞ்சள் தீற்றல்.
பள்ளம் முதலில். தூரிகை பிறகு.

வரைந்தவர் ஓடவில்லை.
அல்லது ஓடி, ஓய்ந்ததும் திரும்பி வந்தாரா?
கண்ணெதிரே பயிர் முழுக்கப் படுத்துக் கிடந்திருக்கும்.
பலகையில் கோதுமை நிமிர்ந்தே நிற்கிறது.
ஏன் என்று தெரியாது.
தெரியாது என்றுதான் எழுதினேன்.

பச்சை மை இம்முறை குறைவு:
‘வாதம் நிற்கிறது. சான்று? அடிக்குறிப்பு வேண்டும்.’

எந்த நூலைக் காட்டுவது, எந்தப் பக்கத்தை?
நூலகம் பூட்டும் வரை
ஓவியச் சேதம் பற்றிய புத்தகங்களைப் புரட்டினேன்.
புழு இருந்தது, புகை இருந்தது,
ஈயின் எச்சத்துக்குத் தனி அத்தியாயமே இருந்தது.
ஆலங்கட்டி இல்லை.
அந்தச் சொல்லைத் தமிழில் ஒரு முறை
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்,
உருண்டையாய்த்தான் இருந்தது.

பிறகு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்:

31. கட்டுரையாளர் நேரில் கண்டவை.
நாலாயிரத்துச் சொச்சம் கார் பானெட்டுகள்,
திறந்தவெளி நிறுத்துமிடங்கள், வடகிழக்குக் கால்கரி,
பதினொரு கோடைகள்.
வெளியிடப்படாதவை.