தண்ணீரில்லாத் துறைமுகம்

சொல்லுக்கு ரெண்டு ரூபா.
இரவு ஒன்பதுக்குப் பிறகு செய்தி இறங்கும்:
கஸகஸ்தான் ஐந்து, உஸ்பெகிஸ்தான் மூன்று,
கிர்கிஸ்தான் சில நாள் ஒன்று, சில நாள் இல்லை.
சியானில் ரெண்டு வருஷம் படித்த சீனம்
ஒலுவிலில், ராத்தாவின் தையல் மேசையில்
தமிழாகி, சுபஹுக்கு முன் போய்விடும்.
யார் வாசிக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

முதல் பந்தியில் கைகுலுக்கல்.
அடுத்ததில் விழுக்காடு.
பிறகு ஒட்டகம்,
ஈராயிரம் வருஷமாகப் பட்டு சுமந்தும்
இன்னும் களைக்காத அதே ஒட்டகம்.
கடைசியில் ‘இருதரப்பும் வெல்லும்’.
அதை நான் இப்போது தட்டச்சுவதில்லை,
ஒரு விசையில் பூட்டி வைத்திருக்கிறேன்.
அழுத்தினால் ரெண்டு நாடு வெல்லும்.

பீஜிங்கில் பொழிலரசி இருக்கிறாள்.
தனக்குத் தானே வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர்.
என் தமிழைத் திருத்துவாள்:
‘லொறி’ அல்ல, சரக்குந்து.
‘ரோட்டு’ அல்ல, சாலை.
எங்களூரில் ஒருவரும் பேசாத சுத்தத்தில்
சாலைகள் நீளும், சரக்குந்துகள் ஓடும்.

ஒரு ராத்திரி ஒரு சொல் இடறியது.
எந்தக் கடலுக்கும் எட்டாத எல்லையில்
மணல்வெளி நடுவே துறைமுகமாம்.
பாரந்தூக்கி உண்டு, கொள்கலன் உண்டு, சுங்கம் உண்டு,
அலை மட்டும் இல்லை.
‘உலர் துறைமுகம்’ என்று எழுதினேன்.
கருவாடு மணத்தது. அழித்தேன்.
தரைத் துறைமுகம்? வறண்ட துறைமுகம்?
யன்னலைத் திறந்தேன்.

அங்கே எங்கட துறைமுகம்.
கடல் உண்டு, வெளிச்சவீடு உண்டு,
வாய் நிறைய மணல்.
கப்பலை விடுங்கள்,
அஸ்மீர் காக்காவின் தோணியே
முழங்கால் தண்ணியில் இறங்கித் தள்ளினால்தான் உள்ளே வரும்.
வடக்குப் பக்கம் கடல் தின்ற தென்னைகள்
வேரைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.
எங்கட பத்திரிகை மட்டும் என்ன?
மந்திரி வந்த நாளில்தான் துறைமுகம் செய்தி.
மணல், அவர் போன பிறகு வரும்.

எரிவாயு விலை ஏறிய அந்த ஜனவரி
கஸகஸ்தானில் சனம் தெருவுக்கு வந்தது.
எனக்கு வந்த செய்தியில் சனம் இல்லை,
‘வெளிச்சக்திகள்’ இருந்தன.
அந்தச் சொல்லுக்கு நான் அகராதி பார்க்கவில்லை.
இந்தக் கரையில் பிறந்தவளுக்கு
அது பள்ளிக்கூடத்துக்கு முன்பே தெரியும்.
‘மக்கள்’ என்று ஓரிடத்தில் எழுதினேன்.
‘சிலர்’ ஆகித் திரும்பி வந்தது.
சில மாதத்தில்
நாங்களும் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம்,
மெயின் ரோட்டு முடியும் மட்டும்.
எந்த ஊரில், எந்தத் தையல் மேசையில்
யார் எங்களைச் ‘சிலர்’ என்று எழுதினாளோ.

நேற்று வந்தது ஒரு படம்.
எல்லைக் கடவையில் லொறிகள்,
வாலைக் காணாத வரிசை.
‘சரக்குப் போக்குவரத்து முப்பது விழுக்காடு உயர்வு.’
ஓரத்தில், சில்லுக்குப் பக்கத்தில்
ஒருவன் குந்தியிருந்து கேத்தல் கொதிக்கவைக்கிறான்.
தொப்பியில் பனி.
ஓடுகிற லொறிக்காரன் தேத்தண்ணி ஊத்தமாட்டான்.
நான் ஒரு வரி சேர்த்தேன்:
‘ஓட்டுநர்கள் காத்திருக்கிறார்கள்.’

பொழிலரசி பதில் போட்டாள்:
‘மூலத்தில் இல்லை, தோழி.’
உண்மைதான். மூலத்தில் இல்லை.
நான் மொழிபெயர்ப்பாளர், சாட்சி அல்ல.
அவள் அதை எழுத எவ்வளவு நேரம் எடுத்தாளோ,
‘தோழி’ என்பதை முதலில் எழுதினாளோ, பிறகு சேர்த்தாளோ.
ரெண்டு சொல் போனது.
நாலு ரூபா.

விடியப்புறம் காக்கா வாசலால் போனார்.
“என்னகா, இண்டைக்கு என்ன செய்தி?”
“ரெண்டு பக்கமும் வெண்டுட்டாங்களாம்.”
“ஆரு?”
சொன்னேன். தலையாட்டினார்.
மறுகா துறை வாயை ஒருதரம் பார்த்தார்.
ராத்திரி இன்னும் மண் ஏறியிருந்தது.
“இண்டைக்குத் தள்ள
மூணு பேராவது வேணும்.”