வியாழன், பதினொன்று முதல் மூன்று வரை

முதல் வாரம் அவள் போகவே இல்லை.
கோட்டை மாட்டினாள், கழற்றினாள்.
தண்ணீரில் கெட்டிமாவு இரண்டு கரண்டி, மூன்று போட்டால் துப்பிவிடுவார் என்றாள்.
சட்டையை இடது கையிலிருந்து தொடங்கு, அந்தக் கைதான் பேச்சுக் கேட்காது.
ஒரு மணி வாக்கில் சாவி கேட்பார்.
ஆணியில் தொங்கும் கொத்தைக் கொடு.
எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள்.
இத்தனையும் நாலு பக்கத்துக்கு எழுதியும் வைத்திருந்தாள்.
ஐந்தாம் பக்கத்துக்குப் பேனாவைத் திறந்தபோது
என் நேரம் முடிந்துவிட்டது.

நகராட்சி அனுப்பும் ஆள் நான், மிர்வா.
வாரத்துக்கு ஏழு வீடு.
ஒருவர் வெளியே போய்வருவதற்காக
இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை.
படிவத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு.
கைசு சொல்வது, 'அந்தப் பெண் வருகிற நாள்.'

இரண்டாம் வாரம் போனாள்.
கயானியில் ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
காருக்குக்கூட ராத்திரியில் மின்கம்பி செருகிச்
சூடு கொடுக்கிற ஊர்.
சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன்:
புதுப்பனியில் அவளுடைய டயர்த் தடம்
தெருமுனை வரை போயிற்று,
பெயின்ட் கடை வாசலில் ஒதுங்கிற்று,
அவ்வளவுதான்.
பின்னால் கொஞ்சம் புகை. கண்ணாடியெல்லாம் ஆவி.
உள்ளே ஒரு சிவப்புத் தொப்பி சாய்ந்து கிடந்தது
மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்வரை.

"கடைத்தெருவில் என்ன கூட்டம்!" என்று வந்தாள்,
கன்னத்தில் சீட் பெல்ட்டின் கோடு சிவந்திருக்க.
"இருக்காதா பின்னே" என்றேன்.

தைஸ்தோ முப்பத்தோரு வருஷம் மர லாரி ஓட்டியவர்.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
எங்கே செருகுவது என்று தேடுவார்,
மேசையில், ரொட்டியில், என் சட்டைப் பையில்.
ஒரு வியாழன் எனக்குப் பொறுக்கவில்லை.
பெரிய பாத்திரத்தின் மூடியை எடுத்து
அவர் வலது கையில் கொடுத்துவிட்டு
பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.
கிளம்பிவிட்டார்.
சோத்கமோ தாண்டினோம், ஏரி தாண்டினோம்,
நடுரோட்டில் நின்ற ஒரு கலைமானை
அதன் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினார்.
திட்டிவிட்டுச் சிரித்தார்.
வாயோரம் எச்சில் வழியும்வரை சிரித்தார்.

கைசு அன்று சீக்கிரம் வந்துவிட்டாள்.
பூட்ஸோடு நின்றாள். பனி உருகித் தரையில் குளமாயிற்று.

"என்னிடம் சிரித்து இரண்டு வருஷம்" என்றாள்.
பிறகு, குரலை உயர்த்தாமல்:
"உனக்கென்ன, நாலு மணி நேரம். லாரி ஓட்டலாம்.
வாரத்தில் பாக்கி நூற்றி அறுபத்து நாலு என்னுடையது.
நான் துடைக்கிறவள்."

மூடியை அதனிடத்தில் வைத்தேன்.
அவள் சொன்னதில் தப்பேதும் இல்லை.
களைக்காத கை மிருதுவாக இருப்பதில்
கையின் பெருமை என்ன இருக்கிறது?
எனக்குச் சம்பளத்தோடு ஓய்வும் உண்டு.
அவளுக்கு நான்தான் உண்டு,
என்னையும் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

மறுவாரம் வர வேண்டாம் என்று போன்.
அதற்கடுத்த வாரமும்.
மூன்றாவது வாரம் போன் வரவில்லை. போனேன்.

கதவைத் திறந்தபோதே கோட்டோடு இருந்தாள்.
ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டினாள்.
ஐந்தாம் பக்கம்:

'லாரி. மூடி கீழ் அலமாரியில், சின்னது வேண்டாம், கோபம் வரும்.
வலது பக்கம் உட்கார்.
பெல்ட் போட்டதுபோல் செய், இல்லாவிட்டால் கிளம்ப மாட்டார்.
பாலத்தின் மேல் பேசாதே.
சோத்கமோவில் காபிக்கு நிறுத்துவார்.
கெட்டிமாவு, மறந்துவிடாதே.'

படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் படியிறங்கியிருந்தாள்.

ஜன்னலுக்குப் போனேன்.
தடம் பெயின்ட் கடையைத் தாண்டியிருந்தது,
முனையில் வளைந்திருந்தது,
அதற்கப்பால் இந்த ஜன்னலுக்குத் தெரியாது.

மூன்றேகாலுக்கு வந்தாள். முதல் தடவையாகத் தாமதம்.
எங்கே போனாள் என்று அவள் சொல்லவில்லை,
எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.
படிவத்தில்
மூன்று என்றே எழுதினேன்.