சிவப்புத் தேதி

வெள்ளிக்கிழமை சிவப்பாக விழுந்தால்
கானாடுகாத்தானில் எனக்குக் கணக்கு தெரியும்:
பதினெட்டு அறை, முப்பத்தாறு விரிப்பு,
ஈரத் துண்டுகள் தனி.

சாப்பாட்டுக் கூடத்தில் நான் தரை துடைக்க
காலை மேலே தூக்கிக்கொண்டு
சென்னைக்காரர் ஒருவர் சொன்னார்:
"இந்த நாட்டில் லீவு ஜாஸ்தி. அதான் உருப்படல."
"உங்களுக்கு ஞாயிறும் போன்தானே"
என்றாள் மனைவி.
அவர் என் பக்கம் திரும்பினார்.
"நீ என்னம்மா சொல்றே?"
"பணியாரத்துக்கு இன்னும் சட்னி வைக்கவா சார்?"

மே தினத்தன்று மேனேஜர்
ஆளுக்கொரு லட்டு தந்தார்.
இரண்டு ஷிப்டும் தந்தார்.

எனக்கு ஓய்வு செவ்வாய்.
சவரிராஜ் பள்ளிக்கூடத்தில் இருப்பான்.
அவனுக்கு விடுமுறை என்றால்
நான் இங்கே தலையணைக்கு உறை மாட்டுவேன்.
பெற்ற பிள்ளையின் முகத்தில்
தூங்கும் முகம்தான் எனக்கு அத்துப்படி.

கூட்டவா குறைக்கவா என்று
படித்தவர்கள் பேசி முடிக்கட்டும்.
காலண்டரில் இன்னும் பத்துத் தாளைச்
சிவப்பாக அடித்தாலும் சம்மதம்.
அன்றைக்கு விரிப்பை யார் மாற்றுவது என்று
பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள்.

பதினோராம் அறையில் மணி அடிக்கிறார்கள்.
வெந்நீர் வரவில்லையாம்.