தகரத் தொப்பி

நாற்பத்திரண்டு மரக்கால்களில் நிற்கிறது வீடு.
ஒவ்வொரு காலின் தலையிலும்
கவிழ்த்த தட்டுபோல் ஒரு தகரத் தொப்பி.
கறையானைத் தடுக்கத்தான் என்று
முப்பது வருடமாய் நம்பியிருந்தேன்.

"தடுக்காது, மிஸஸ் டக்கெட்" என்றான் ஸோரன்
வீட்டுக்கு அடியிலிருந்து,
பல்லில் கடித்திருந்த டார்ச்சை எடுத்துவிட்டு.
"சுற்றிப் போக வைக்கும், அவ்வளவுதான்.
சுற்றும்போது மண்குழாய் வெளியே தெரியும்.
நீங்கள் குனிந்து பார்த்தால்."

குனிந்து பார்த்தால்.

சார்ட்டர்ஸ் டவர்ஸின் அக்டோபர் வெயில்
கூரைத் தகரத்துக்குச் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தது.
திருப்புளியின் பிடியால்
சுவரெல்லாம் தட்டிக்கொண்டே வந்தான்,
தர்ப்பூசணி வாங்குகிறவன் மாதிரி.
டொக். டொக். டொக்.
சமையலறை ஜன்னலருகே
பொத்.
விரலால் அழுத்தினான்.
சட்டம் காகிதமாய் உள்ளே போயிற்று.
போன மழைக்கு முன் நான் அடித்த பச்சைப் பெயின்ட் மட்டும்
மரம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு
அத்தனை நாள் நின்றிருக்கிறது.

எந்த வழியாக ஏறின?
தொப்பிகளெல்லாம் சுத்தம்.
கொல்லைப்பக்கம் போனவன்
சாய்தளத்தைக் காட்டினான்.

எனக்கு இடுப்பெலும்பு மாற்றிய வருடம்
பக்கத்து வீட்டு லிண்டன் ஹூப்பர்
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடித்துக் கொடுத்தது.
பைன் பலகை.
ஒரு முனை மண்ணில், மறுமுனை என் வாசலில்.
கூலி கேட்டதற்கு ஒரு டஜன் முட்டை என்றான்.
அடுத்த கோடையில் டவுன்ஸ்வில்லுக்கு
மகளோடு இருக்கப் போய்விட்டான்.
சக்கர நாற்காலி போயிற்று, ஊன்றுகோல் போயிற்று.
பலகை கிடந்தது.
நான் ஏறிய மாதிரியே
அவையும் ஏறியிருக்கின்றன,
படி தடுக்காமல்.

"யார் கட்டியது?"
"ஒரு நல்ல மனிதர்."
"எனக்குப் பாதி வேலை தருவதே நல்ல மனிதர்கள்தான்"
என்று சிரித்தான்.
நானும் சிரித்திருக்கலாம்.

மருந்து, பொறிப்பெட்டி, புதுச் சட்டம்,
எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னான்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
அதே தொகைதான்.
பலகையைப் பெயர்த்து எரித்துவிடுங்கள் என்றான்.

எரிக்கவில்லை.
அரித்தது போக மிச்சத்தை அறுத்து
காங்கிரீட் மேடையில் ஏற்றி வைக்கச் சொன்னேன்.
அதற்கும் வீட்டுக்கும் நடுவே
ஒரு விரல் நுழையும் இடைவெளி.

மாதம் பிறந்தால்
இந்த உலோக இடுப்போடு
முனகி முனகிக் குனிகிறேன்.
இடுக்கில் விரலை விட்டு இழுத்துப் பார்க்கிறேன்.
காற்று.
கொஞ்சம் சிலந்தி வலை.

நேற்று லிண்டன் போனில் வந்தான்.
முட்டை விலையைப் பற்றி வெகுநேரம் பேசினோம்.
சாய்தளம் எப்படி இருக்கிறது என்றான்.

நிற்கிறது என்றேன்.