இளஞ்சிவப்பு அணில்

பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது.
ஒரு மிடறு கிரீம் இறங்கினால்
இரவு முழுக்க வயிறு வழக்காடும்.
ஆனாலும் பத்தொன்பது குளிர்காலமாக
விஸ்கான்சினின் வடகோடியில், உறைந்த ஏரிக்கரையில்
கிரீம் குலுக்கித்தான் வாடகை கட்டுகிறேன்.

ருசி பார்க்காமல் எப்படி என்பார்கள்.
காதால்தான்.
ஷேக்கருக்குள் ஐஸ் முதலில்
சில்லறைபோலக் கலகலக்கும்;
கிரீம் நுரைக்க நுரைக்கச்
சளி பிடித்தவன் குரலாய்த் தடிக்கும்.
தகரம் விரல்நுனியைக் கவ்வியதும்
நிறுத்திவிட வேண்டும்.

பிராந்தி, கொக்கோ லிக்கர், கிரீம்,
மேலே ஜாதிக்காய் இரண்டு தேய்ப்பு.
பிராந்திக்குப் பதில் பச்சைப் புதினா லிக்கர் என்றால்
அதற்குப் பெயர் வெட்டுக்கிளி.
எலுமிச்சை மட்டும் கிட்டே வரக்கூடாது.
புதிதாய்ச் சேர்ந்த ரோலண்ட்
அலங்காரம் என்று ஒருநாள் பிழிந்துவிட்டான்.
கிளாசுக்குள் திரிதிரியாய் மிதந்தது
அவனுடைய அன்றைய கூலி.

ஜனவரியில் நாலரைக்கே இருட்டிவிடும்.
ஏரியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருந்தவர்கள்
கரடிகளாய் உள்ளே வருவார்கள்.
பூட்சை உதற உதறத் தரையெல்லாம் பனிச்சேறு.
விஸ்கி கேட்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?
நூட்சன் சகோதரர்கள், ஆளுக்கு நூற்றுப் பத்து கிலோ,
"ரெண்டு வெட்டுக்கிளி" என்பார்கள்.
மீசையில் பச்சை நுரையோடு
டீசல் விலையைத் திட்டுவார்கள்.

ஆர்வில் டெஷ் மட்டும்
மேசையின் கடைசி முனைக்கு என்னைக் கூப்பிட்டு
கடன் கேட்பவர்போலச் சொல்வார்:
"அணில். காபிக் குவளையில."

சிவப்புப் பாதாம் லிக்கர் ஒரு பங்கு,
வெள்ளைக் கொக்கோ ஒரு பங்கு,
கிரீம் இரண்டு. அவ்வளவுதான்.
யார் வைத்தார்களோ, இளஞ்சிவப்பு அணில் என்று.
பனித்துளைப்பான் பழுதுபார்க்கிற ஆள்,
நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.
அந்த நிறத்தோடு அவரை யாரும் பார்த்துவிடக்கூடாது.
ஆகவே கறுப்புக் குவளை,
அதற்கு உறிஞ்சத் துளை வைத்த மூடி.

ஊருக்கே தெரியும். எட்டு வருடமாகத் தெரியும்.
மரியாதைக்குத் தெரியாமல் இருந்தார்கள்.

போன வியாழன் பாத்திரம் கழுவும் இயந்திரம்
குவளைகளையும் மூடிகளையும் விழுங்கிக்கொண்டு
செத்துப்போனது. கதவு திறக்கவில்லை.
"கிளாஸ்தான் இருக்கு ஆர்வில். தண்டு வச்சது."
ஜன்னலைப் பார்த்தார். மைனஸ் இருபத்தாறு.
பிறகு தொப்பியைக் கழற்றினார்.

வைத்தேன்.
நூட்சன்களில் இளையவன் இருமினான்,
தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்தை
உயிர் போகிற கவனத்தோடு பார்த்தான்.
ஆர்வில் தொடவில்லை.
மோவாய் மேசையில் இடிக்கக் குனிந்து
அந்தக் கிளாசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுவா நிறம்?"
"இதுதான். எப்பவும்."
"பேரைக் கேட்டுப் பயந்துட்டேன்.
தூண்டில் மிதவை மாதிரி கண்ணைக் குத்தும்னு இருந்தேன்.
இது டிரவுட் மீனுக்குச் செவுளுக்கடியில
ஒரு நிறம் இருக்குமே, அதில்ல?"

எட்டு வருடம் அவர் குடித்திருக்கிறார், பார்த்ததில்லை.
நான் பார்த்திருக்கிறேன், ஆயிரம் தடவை.

கேட்டேவிட்டேன்:
"எப்படி இருக்கும், ஆர்வில்?"

ஒரு மிடறு. இன்னொன்று.
மீன் கடித்ததா, நீரோட்டமா என்று
நூலைப் பிடித்துப் பார்க்கிற முகம்.
"செர்ரிக் கொட்டையைக் கடிச்சு உடைச்சா
உள்ள ஒரு கசப்பு இருக்குமே?
அதுதான். ஆனா நம்ம மேல
கோவமில்லாத கசப்பு."

சனிக்கிழமை இயந்திரம் சரியாகிவிட்டது.
ஆர்வில் வந்தார்.
கிளாசையும் குவளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
குவளையைத்தான் தொட்டார்.
"கிளாசு கையைச் சுடுது, குளிர்ல" என்றார்.

மூடி மட்டும் மேசையிலேயே கிடந்தது
கடை சாத்தும்வரை.