சனிக்கிழமை பத்து மணிக்குள்

பிரிட்டோ தோஹாவுக்குப் போகிறான்.
ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பெடல் இரண்டையும் போட்டு
கீழவாசல் முக்கில் என் கையில் கொடுத்தான்.
பச்சை, ஓவர்டிரைவ்.
ஆரஞ்சு, டிஸ்டார்ஷன்.
ஒவ்வொன்றும் இரண்டாயிரத்து எண்ணூறு.
என்னிடம் மூவாயிரம், அதிலும் இருநூறு பெட்ரோலுக்கு.
ஒண்ணை வச்சுக்க, இன்னொண்ணை
சனிக்கிழமை பத்துக்குள்ள கொண்டாந்துரு,
பதினொண்ணுக்கு டாக்ஸி.

வெள்ளி ராத்திரி, முனிச்சாலை.
மாடியில் தகர ஷீட் அறை,
கீழே சிக்கந்தரின் மோட்டார் ரீவைண்டிங் கடை.
ஆம்ப் மேல் ஈரத்துண்டு போர்த்தினேன்,
சத்தம் குறையும் என்றொரு மூடநம்பிக்கை.

முதலில் பச்சை.
மெதுவாக மீட்டினால் கம்பி கம்பியாகவே இருக்கிறது.
கொஞ்சம் அழுத்தினால்
தோசையின் விளிம்பு மாதிரி ஓரம் மட்டும் சிவக்கிறது.
ஓங்கி அடித்தால்தான் கரகரக்கிறது.
கையை இளக்கினால் அதுவும் இளகிவிடுகிறது.
என் மணிக்கட்டில் இருப்பதைத் தவிர
வேறெதையும் அது சொல்வதாக இல்லை.
பெரியாஸ்பத்திரி எதிரில், மெடிக்கல் ஷாப்பில்,
எட்டு மணிநேரம் மாத்திரை அட்டை கத்தரித்த மணிக்கட்டு.
அதுவும் கேட்டது.

பிறகு ஆரஞ்சு.
தொட்டாலும் சுவர், அடித்தாலும் அதே சுவர்.
ஒற்றைச் சுரத்தை விட்டுவிட்டுப் போய்
ஒரு சொம்பு தண்ணீர் குடித்து வந்தேன்,
இன்னும் நின்றுகொண்டிருந்தது.
நாலைந்து சுரத்தைச் சேர்த்துப் பிடித்தால்
பதினாறு பேர் ஏறிய ஷேர் ஆட்டோ,
எந்த முழங்கை யாருடையது என்று தெரியாது.
இரண்டாகக் குறைத்தேன். எழுந்து உட்கார்ந்தது.
விரல் பிசகியது தெரியவில்லை, களைப்பு தெரியவில்லை.
நான் நன்றாக வாசிக்கிறேன் என்று
பத்து நிமிடம் நானே நம்பினேன்.

டெஸ்டரைக் காதில் செருகியபடி சிக்கந்தர் மேலே வந்தான்.
திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"மொதல்ல போட்டது லோடு ஏறுன மோட்டார், மாப்ள.
மூச்சு வாங்குது, ஆனா தண்ணி ஏத்துது.
ரெண்டாவது, காயில் கருகிருச்சு."

பில்லின் பின்பக்கம் அலை வரைந்து காட்டினேன்.
பச்சை மேட்டை உள்ளங்கையால் அமுக்குகிறது.
ஆரஞ்சு, இளநீர் சீவுகிற மாதிரி
ஒரே வெட்டு.
அவன் படத்தைப் பார்க்கவில்லை.
"கருகுன வாசம் எனக்குப் பிடிக்கும்டா" என்றான்,
"அதுலதான் நம்ம சோறு."

அவன் போன பிறகு
கிடாரின் வால்யூம் திருகை மூன்றுக்கு இறக்கினேன்,
ஆரஞ்சைப் போட்டபடியே.
சுவரில் ஒரு சிறிய ஜன்னல் திறந்தது.
அந்தப் பக்கம் யாரோ தொண்டை கட்டிய குரலில்
எதையோ சொல்ல ஆரம்பிக்க,
கரண்ட் போனது.

ஆம்ப் செத்தது. ஃபேன் செத்தது.
பெடல்கள் மட்டும் பேட்டரியில்,
இருட்டில் காலடியில் இரண்டு சிவப்புப் பொட்டுகள்.
வெறும் கம்பியை மீட்டினேன்.
கொசு அளவு.
அதிலிருந்து இந்த ரெண்டும் எப்படி வந்தன
என்று பார்த்துக்கொண்டிருந்தேன், விசிறிக்கொண்டே.

காலையில் ஆரஞ்சைப் பையில் போட்டுக் கிளம்பினேன்.
புத்தியுள்ளவன் அதைத்தான் திருப்பிக் கொடுப்பான்.
சிம்மக்கல் வரைக்கும் போய், யூ டர்ன் அடித்து,
மாடியேறி, பச்சையை எடுத்துப் போட்டேன்.
என் கை சொல்வதை நாளுக்கு எட்டு மணிநேரம்
ஏற்கெனவே கேட்டாகிறது.

ஞானஒளிவுபுரத்தில் பத்தேகால்.
பிரிட்டோ கொக்கித் தராசில்
பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தான், முகம் சிவந்து.
முப்பது கிலோ, முந்நூறு கிராம்.
எது என்று கேட்கவில்லை.
பையைத் திறந்து பார்த்தான்,
பெட்டியிலிருந்து மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து
என் கையில் திணித்தான்,
அந்தக் குழியில் பச்சையை வைத்து
ஒரு பனியனைச் சுற்றினான்.

திரும்பும்போது பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டது.
ஆரப்பாளையத்திலிருந்து வண்டியைத் தள்ளினேன்,
ஹேண்டிலில் ஊறுகாய் ஆடிக்கொண்டே வந்தது.