கை கழுவுதல்

மே மாதத்துக் கடைசி உறைபனியில்
தக்காளி கருகிற்று.
ரோஜாவைக் காட்டுமான் தின்றது,
மொட்டு மொட்டாக, அவசரமே இல்லாமல்.
அதே கோடையில்தான் என் மனைவியும்
என்னைக் கைகழுவிவிட்டுத் தால்லின் போனாள்.

வோரு சந்தையில் மாரெட்
கருமுள்ளங்கி போன்ற ஒரு கிழங்கைச்
செய்தித்தாளில் சுற்றித் தந்தாள்.
'இது உன்னிடமும் பிழைக்கும்' என்றாள்.
பிறகு சில்லறையை எண்ணிக்கொண்டே,
'தொட்டால் கையைக் கழுவு.'

வச்சநாபி.
எஸ்தோனியர்கள் நாங்கள்
குயிலின் செருப்பு என்போம்.
எந்தக் குயில் இதை மாட்டி நடந்ததோ.

சவுனாவுக்குப் பின்னால், வடக்குச் சுவரோரம்,
வேறு வேலை இல்லாதபோது
வெயில் எட்டிப் பார்க்கும் இடத்தில் நட்டேன்.
அந்தக் குளிர்காலம் மைனஸ் இருபத்தெட்டு.
கிணற்றடி வாளி பிளந்தது.
ஏப்ரலில் பனியைக் குத்திக்கொண்டு
பச்சை விரல்கள்.

நான் ஒன்றும் செய்யவில்லை.
தண்ணீர்கூட ஊற்றவில்லை.
நாலு வீட்டுக்கு ஒயர் இழுத்து முடிப்பதற்குள்
இடுப்புயரம்,
ஆகஸ்டில் தோளுயரம், நீலம்.
மான் வந்தது, மோந்தது, போயிற்று.
பயிரே வேலியாக நிற்கும் பயிர்.
எனக்கு அது பிடித்திருந்தது,
இவ்வளவு பிடித்திருக்கக் கூடாது.

ஒரு இலையுதிர்காலத்தில் தோண்டிப் பார்த்தேன்:
பழைய கிழங்கு அழுகிச் சக்கையாய்,
ஒட்டினாற்போல் புதிதாய் ஒன்று.
அதே செடி என்று நான் நினைத்தது
வருடா வருடம் வேறு செடி.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து உர்வே,
அவள் வீட்டு ஃபியூஸ் மாற்றியதற்குக் கூலியாக
உப்பிட்ட காளான் கொண்டுவந்தவள்,
சவுனாப் பக்கம் போய் நின்றாள்.
'இதில் கொஞ்சம் வெட்டித் தா.'
என் மண்ணிலிருந்து
யாரும் எதுவும் கேட்டதில்லை.

'விஷம்' என்றேன்.
'தெரியும். ஒரு ஆட்டைப் புதைத்திருக்கிறேன்.
ஆனாலும் இந்த நீலம்.'

மின்வேலைக் கையுறையை மாட்டிக்கொண்டேன்,
ஆயிரம் வோல்ட் தாங்குவது.
ஆறு தண்டு, ஊறுகாய் ஜாடி,
சாப்பாட்டு மேசைக்கு எட்டாமல் ஜன்னல் மேட்டில்.
முக்காட்டுக்குள் தலையை நுழைத்த வண்டொன்று
பின்புறம் மட்டும் தெரிய
கூடவே வந்துவிட்டிருந்தது.

உருளைக்கிழங்கு வேகும்போது
தொட்டியருகே நின்றோம். ஒரே சோப்பு.
என் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக,
அடிப்பிடித்த பாத்திரம் துலக்குவதுபோல்
முழங்கைவரை தேய்த்தாள்.

'நான் கையுறை போட்டிருந்தேனே' என்றேன்.

'இருக்கட்டும்' என்றாள்,
'திருப்பு, அடுத்த கை.'